'பிரைமரி' லிவர் கேன்சர்னா ஆரம்பக் கட்டம்னு அர்த்தம் இல்ல

ரிப்போர்ட்ல "பிரைமரி லிவர் கேன்சர்"னு பாத்ததும் நிறைய பேரு "பிரைமரிதானே, அப்போ ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சிட்டாங்க"ன்னு நிம்மதி ஆயிடுறாங்க. தமிழ்ல "முதல்நிலைக் கல்லீரல் புற்றுநோய்"னு எழுதுறதும் இந்தத் தப்பான நிம்மதியைத்தான் கூட்டுது, ஏன்னா முதல்நிலைன்னா நமக்கு ஸ்டேஜ் ஒன்னுன்னுதான் காதுல விழும்.

பிரைமரிக்கு மூலம் லத்தீன்ல 'ப்ரீமுஸ்', அதாவது முதல். டாக்டருங்க அதைச் சொல்றது நோய் எங்க மொதல்ல பொறந்துச்சுங்கிறதுக்கு, எவ்வளவு முத்திருக்குங்கிறதுக்கு இல்ல. கல்லீரல்லயே தொடங்குனா பிரைமரி, குடல்லயோ மார்பகத்துலயோ தொடங்கி கல்லீரலுக்கு வந்தா செகண்டரி. அதனால "கல்லீரலில் தோன்றிய புற்று", "கல்லீரலுக்குப் பரவிய புற்று"ன்னு எழுதுறதுதான் சரின்னு நான் உறுதியா நினைக்கிறேன், வார்த்தை கொஞ்சம் நீளம்தான், ஆனா யாரும் ஏமாற மாட்டாங்க.

பிரைமரில பெரும்பான்மை ஹெபாட்டோசெல்லுலார் கார்சினோமா, சுருக்கமா ஹெச்சிசி. கிரேக்கத்துல 'ஹெபார்'னா கல்லீரல், 'கார்கினோஸ்'னா நண்டு. தமிழ்ல கல்லீரல் உயிரணுப் புற்று. பழைய ரிப்போர்ட்ல ஹெபட்டோமான்னும் இருக்கும், 'ஓமா'ன்னு முடியுற சில பேரு சாதாரணக் கட்டிக்கும் உண்டு, ஆனா இது சாதாரணக் கட்டி இல்ல.

இது பெரும்பாலும் சிரோசிஸ் வந்த கல்லீரல்லதான் வரும். அந்தப் பேரை 1819ல வச்சவரு பிரான்ஸ் டாக்டர் லென்னெக், கிரேக்கத்துல 'கிர்ரோஸ்'னா பழுப்பு மஞ்சள், அவரு பாத்த ஈரலோட நிறம் அது. தமிழ்ல ஈரல் சுருக்கம்னு சொல்றோம். குடி, ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்பு ஈரல் எல்லாமே இங்க கொண்டுபோய் விடும், ஆனா ஹெபடைடிஸ் பி இருந்தா சுருக்கம் வராமலே புற்று வரலாம், இதை அவசியம் ஞாபகம் வச்சுக்கணும்.

ஆரம்பத்துல அறிகுறியே இருக்காது. வலது விலாவுக்குக் கீழ வலி, எடை குறையுறது, வயித்துல நீர் கோக்குறது, கண்ணு மஞ்சளாகுறதெல்லாம் பெரும்பாலும் லேட்டா வர்றது, மஞ்சளைப் பாத்து கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிட்டு மாசக்கணக்கா ஸ்கேனைத் தள்ளிப் போடாதீங்க. சிரோசிஸ் உள்ளவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்றது இதுக்குத்தான், அதோட ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் சேத்துப் பாப்பாங்க.

ஏஎஃப்பின்னா ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், 'ஃபீட்டோ' வர்றது ஃபீட்டஸ்ல இருந்து, அதாவது கரு. கருவுல இருக்கிற குழந்தையோட ஈரல் சுரக்கிற புரதம், பொறந்தப்புறம் குறைஞ்சிடும், புற்று வந்தா திரும்பத் தலைகாட்டும். 1963ல சோவியத் விஞ்ஞானி அபெலெவ் இதை ஈரல் புற்று வந்த எலிகள்ல பாத்தாரு, அடுத்த வருஷம் இன்னொரு சோவியத் விஞ்ஞானி டட்டாரினோவ் மனுசங்க கிட்ட பாத்தாரு. தமிழ்ல கருப்புரதம்னு சொல்லலாம், ஆனா கறுப்புன்னு படிச்சிடுவாங்க, கருக்காலப் புரதம்னா தெளிவா இருக்கும். இது நார்மலா இருந்தா புற்று இல்லைன்னு முடிவு பண்ண முடியாது, கர்ப்பத்துலயும் ஈரல் அழற்சியிலயும் கூட ஏறும்.

உறுதி பண்றது டிரிப்பிள் ஃபேஸ் சிடி, அதாவது ரத்தத்துல நிறங்காட்டும் மருந்தை ஏத்தி மூணு கட்டமா எடுக்கிற ஸ்கேன், இல்லன்னா அதே மாதிரி எடுக்கிற எம்ஆர்ஐ. ஈரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடல் பக்கத்துல இருந்து போர்ட்டல் வெயின் வழியா வருது, கால்வாசிதான் தமனி வழியா, ஆனா இந்தக் கட்டி தமனி ரத்தத்தைத்தான் பெரும்பாலும் இழுத்துக்கும், அதனால மருந்து ஏத்துனதும் மொதல்ல கட்டி பளிச்னு தெரியும், அப்புறம் சுத்தி இருக்கிற ஈரல் பளிச்னு ஆகும்போது கட்டி மங்கிடும். இதைத்தான் 'வாஷ்அவுட்'னு எழுதுவாங்க, 'மருந்து வடிதல்'னு சொல்லலாம். சிரோசிஸ் உள்ளவங்களுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல உள்ள கட்டில இந்த அடையாளமெல்லாம் சரியா இருந்தா ஊசி போட்டு சதை எடுக்காமலே ஹெச்சிசின்னு சொல்லிடலாம். ஈரல்ல தோணுற இன்னொரு வகை, பித்தநாளப் புற்றான கொலாஞ்சியோகார்சினோமாவுக்கு அந்தச் சலுகை இல்ல, அதை உறுதி பண்ண சதை எடுத்துப் பாக்கணும்.