டிடரன்ஸ்: தடுப்பா, வெருட்டா?

இந்தியா, பாகிஸ்தான் பற்றிய செய்திகளில் ‘அணுவாயுதத் தடுப்பு’ என்று அடிக்கடி வரும். ஆங்கில ‘டிடரன்ஸ்’ தான் அது. திருகோணமலையில் யாருக்காவது வாசித்துக் காட்டினால் குழம்பிப்போவார்கள். இங்கே தடுப்பு என்றால் தடுப்புக்காவல். ‘ரெண்டு வருசம் தடுப்பில இருந்தவர்’ என்றால் மேலே விளக்கம் தேவையில்லை. தடுப்பூசியும் தடுப்பணையும் வருவதை மறித்து நிற்பவை. டிடரன்ஸ் எதையும் மறிப்பதில்லை. ஏவிய ஏவுகணையை அது நிறுத்தாது. ஏவ நினைப்பவனைப் பயப்படுத்தி ஏவாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை.

சொல்லின் வேரிலும் பயம்தான் இருக்கிறது. லத்தீனில் ‘டெரேரே’ என்றால் பயப்படுத்துதல். ‘டெ’ முன்னே சேர்ந்தால் பயப்படுத்தி விலக்குதல். ‘டெரர்’ இதன் உடன்பிறப்பு. சிலர் ‘அச்சுறுத்தல்’ என்று எழுதுகிறார்கள். பாதிதான் சரி: அச்சுறுத்தி ஒன்றைச் செய்யவும் வைக்கலாம், டிடரன்ஸ் செய்யாமல் இருக்க மட்டுமே வைக்கும்.

நல்ல சொல் எங்கள் வாயிலேயே கிடக்கிறது: வெருட்டு. மருள், மருட்டு, உருள், உருட்டு, அதுபோல வெருள், வெருட்டு. உடல் பெருத்து கொம்பு கூர்த்திருந்தாலும் ‘யானை வெரூஉம் புலிதாக் குறின்’ என்கிறது குறள் 599. அந்த வெருவுதலின் உறவுதான் வயலில் கந்தல் சட்டையோடு நிற்கும் வெருளி.

தம்பலகாமத்தில் வயல் செய்யும் பெரியவர் ஒருவரிடம் வெருளியைப் பற்றிக் கேட்டேன். “குருவி ரெண்டு மூண்டு நாள்தான் தம்பி பயப்படும். பிறகு அதின்ர தலையிலயே வந்து குந்தும். சட்டையை மாத்திக் கட்ட வேணும், இடத்தை மாத்தி நட வேணும்.”

அணுவாயுத நாடுகளும் இப்படித்தான் சட்டை மாற்றுகின்றன. 1964இல் சீனா வெடித்துப் பார்த்தது, 1974இல் இந்தியா. 1998 மே 11, 13 திகதிகளில் இந்தியா மீண்டும் பொக்ரானில் வெடிக்க, 28ஆம், 30ஆம் திகதிகளில் பாகிஸ்தான் பதில் கொடுத்தது. அடுத்த ஆண்டே கார்கில் சண்டை வந்தது. குருவி முழுதாகப் பயப்படவில்லை. பிறகு வெருளி கடலுக்குள் இறங்கியது. இந்தியா 2016இல் அரிஹந்த், 2024இல் அரிகாத் என்று அணுவாயுத நீர்மூழ்கிகளைப் படையில் சேர்த்தது.

“விரட்டின குருவி எங்க போகும்?” என்றும் கேட்டேன். பெரியவர் வாய் திறக்கவில்லை. வரம்புக்கு அங்காலே இருந்த வயலை நாடியால் காட்டினார்.

இலங்கை அந்த அங்கால் வயல். நீர்மூழ்கியை ஒளிப்பவனுக்கும் தேடுபவனுக்கும் கடலின் அடித்தளம், வெப்பம், உப்பு எல்லாம் தெரிய வேண்டும், ஏனென்றால் நீருக்குள் ஒலி அவற்றைப் பொறுத்துத்தான் வளைகிறது. அதனால்தான் ஆய்வுக்கப்பல் ஒன்று வந்தாலும் கொழும்பில் கயிறிழுப்பு. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தபோதும், 2022இல் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக்கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோதும் டில்லி முகம் சுளித்தது. 2024இல் வெளிநாட்டு ஆய்வுக்கப்பல்களுக்கு இலங்கை ஓராண்டுத் தடை போட்டது. சொந்தமாக ஒரு அணுகுண்டும் இல்லாத நாடு, யார் எங்கே நங்கூரம் போடலாம் என்பதை இரண்டு பேரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் துறைமுகத்தின் பெயர் எழுத்திலேயே ஏறியிருக்கிறது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ எந்த நாட்டின் படைத்தேவைக்கும் விடுவதில்லை என்று உள்ளது. 1971இல் இந்துசமுத்திரத்தை அமைதி வலயமாக அறிவிக்கும் ஐ.நா. தீர்மானத்தை முன்னின்று கொண்டுபோனதும் இலங்கைதான். அது கடதாசியோடு நின்றுவிட்டது.

டிடரன்ஸுக்கு ‘வெருட்டுத்தடை’ என்பது என் தெரிவு. ‘அணு வெருட்டுத்தடை’ என்றும் எழுதலாம். வினையாக வேண்டுமானால் ‘வெருட்டி வைத்திருத்தல்’ போதும். காதுக்குக் கொஞ்சம் நாட்டுப்புறமாகக் கேட்கும், கேட்கட்டும்.