மாணவர் நடத்தும் ஐபி சட்ட இதழ்: முதல் ஓட்டை உரிமைப் படிவத்தில்தான்

பதிப்புரிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக அச்சிடும் இதழிடம், அதில் வந்த கட்டுரைக்கே செல்லுபடியாகும் உரிமைப் பத்திரம் இருக்காது. சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் அறிவுசார் சொத்துரிமை இதழ்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

"கட்டுரை தேர்வாகிவிட்டது, உரிமை இனி இதழுக்கு" என்று மின்னஞ்சல் போகிறது. கட்டுரையாளர் "ஓகே" என்று பதில் போடுகிறார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19(1)-ன்படி, உரிமை மாற்றம் எழுத்தில், எழுதித் தருபவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அந்த "ஓகே"-வைக் கையெழுத்தாக எண்ணி நிம்மதியாக இருக்க முடியாது.

கையெழுத்து வாங்கினாலும் மூன்று இடங்களில் கால் வழுக்கும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான் என்கிறது 19(5). ஆறாவது ஆண்டில் பழைய இதழை இணையத்தில் வைத்திருக்கவே அனுமதி இராது. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19(6). இதழையோ உலகமே படிக்கிறது. மூன்றாவதுதான் மாணவர் இதழ்களுக்கு உண்மையான தலைவலி. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, மாற்றித் தந்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்பது 19(4). தேர்வு, இன்டர்ன்ஷிப், ஆசிரியர் குழு மாற்றம் என்று இதழ் ஓராண்டைத் தாண்டுவது சகஜம்தானே?

எங்கள் பரிந்துரை: உரிமை மாற்றமே வேண்டாம், உரிமம் (உரிமை கட்டுரையாளரிடமே இருக்க, வெளியிட மட்டும் தரும் அனுமதி) போதும். மாணவரிடமிருந்து முழு உரிமையையும் வாங்கி வைத்து இதழ் என்ன செய்யப் போகிறது? உரிமத்தை எழுத்தில் தந்தால் போதும்; 2012 திருத்தம் பிரிவு 30-இலிருந்து கையெழுத்து நிபந்தனையை நீக்கிவிட்டது. ஆனால் பிரிவு 30A வழியாக மேற்சொன்ன வரம்புகள் உரிமத்துக்கும் வரும். அதனால் படிவத்தில் இப்படி ஒரு வரி இருக்கட்டும்: "இக்கட்டுரையை அச்சிலும் மின்வடிவிலும், உலகெங்கும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் வரை வெளியிடத் பிரத்தியேகமற்ற (பிறருக்கும் தரக்கூடிய) உரிமத்தைக் கட்டணமின்றித் தருகிறேன், பிரிவு 19(4)-இன் ஓராண்டு வரம்பு பொருந்தாது."

உரிமம் பெறுபவர் இடத்தில் "ஆசிரியர் குழு" என்று எழுதாதீர்கள். அந்தக் குழு சட்டத்தின் பார்வையில் ஒரு நபர் அல்ல, வருடா வருடம் கலைந்தும் போகிறது. பல்கலைக்கழகத்தின் பெயரையோ, கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் பெயரையோ போடுங்கள். படிவங்கள் பழைய ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் தங்கிவிடாமல் நூலகத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

உள்ளடக்கத்துக்கு வந்தால், தீர்ப்பு வரிகளை எடுத்தாளத் தடையில்லை. நீதிமன்றம் தடுக்காத வரை பிரிவு 52(1)(க்யூ) அனுமதிக்கிறது. ஆனால் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடும் சட்ட அறிக்கை வெளியீட்டாளர் சேர்த்த தலைக்குறிப்பு (தீர்ப்பின் மேலே வரும் சுருக்கம்) அவருடையது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் (டிசம்பர் 2007) உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், வெளியீட்டாளரே பிரித்துத் தந்த பத்தி எண்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. நீதிமன்ற இணையதளத்து மூலப் பிரதியிலிருந்தே எடுங்கள்.

இன்னொன்று, அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம் என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அந்த வாரியம் ஏப்ரல் 2021-இல் அவசரச் சட்டத்தால் கலைக்கப்பட்டது. இப்போது மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. பழைய பாடநூலை அப்படியே நகலெடுத்ததை, வாரியத்துக்குப் போகலாம் என்ற அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

பொறியியல் மாணவரோடு சேர்ந்து அவருடைய கண்டுபிடிப்பை விளக்கும் கட்டுரை வந்தால், காப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். விண்ணப்பிக்கும் முன் வெளியானால் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 31 தரும் 12 மாதச் சலுகை கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை, குறிப்பிட்ட கண்காட்சி போன்ற சிலவற்றுக்குத்தான். சாதாரண இதழை நம்பி அதில் இறங்கக்கூடாது. தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விவரிக்கும் தொடக்க ஆவணம்) விண்ணப்பித்துவிட்டால் முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். கட்டுரையை விண்ணப்பித்த மறுநாளே அச்சுக்கு அனுப்பலாம்.