எந்த நாட்டுச் சாமான் என்று மட்டும் கேட்டால் போதாது

திருகோணமலைக் கடைவீதியில் ஸ்பனர் வாங்க வருகிறவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. "இது ஜப்பானா, சீனாவா?" என்றுதான் கேட்கிறார். கடைக்காரரும் ஆளைப் பார்த்து ஏதாவது ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிவிடுகிறார். வாங்கியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். சில வாரங்கள் கழித்து, படகு இயந்திரத்தின் போல்ட் தலையை வழவழவென்று உருட்டிவிட்டு என்னிடம் வருகிறார். படகின் பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்துவது என் தொழில். உப்புத் தண்ணீர் கெடுத்த வேலைகள் எனக்கு எப்போதும் உண்டு. அவற்றோடு மட்டமான ஆயுதம் கெடுத்த வேலைகளும் இப்போது வரிசையாக வருகின்றன.

நாட்டைக் கேட்பதில் ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்த தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. டொக்யார்ட் பட்டறைகளில் புழங்கிய கருவிகள் சில ஊருக்குள் தங்கிவிட்டன என்பார்கள். பழைய மெக்கானிக் குடும்பங்களில் ஒன்றிரண்டை நானும் பார்த்திருக்கிறேன். குரோம் பூச்சு இல்லாத கறுத்த ஸ்பனர், தண்டில் ஓர் அம்புக்குறி. அந்த அம்பு, பொருள் பிரித்தானிய அரசின் உடைமை என்பதற்கான முத்திரை. பக்கத்தில் 1/2 என்றும், ஆங்கில எழுத்தில் டபிள்யூ என்றும் அடித்திருக்கும். இளம் மெக்கானிக்குகள் அதன் வாயை அளந்து பார்த்துவிட்டுக் குழம்புகிறார்கள். அரை அங்குலம் வருவதில்லை, 0.92 அங்குலம் வருகிறது. ஜோசப் விட்வர்த் 1841இல் முன்வைத்த திருகுமுறையைப் பின்பற்றிய அந்த ஸ்பனர்களில், நட்டின் அகலத்தை எழுதாமல் போல்ட் தண்டின் விட்டத்தைத்தான் எழுதினார்கள். இன்றைய மில்லிமீற்றர் இயந்திரங்களுக்கு அது உதவாது. ஆனால் அத்தனை வருடமாகியும் வாய் விரியவில்லை.

இதை வைத்து அந்தக் காலத்துச் சாமான் எல்லாம் தங்கம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மட்டமானவை முறிந்து பழைய இரும்புக்குப் போய்விட்டன. மிஞ்சியவை மட்டும் நம் கண்ணில் படுகின்றன.

இன்று "ஜெர்மன் சாமான்" என்றால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் நடுவராகப் போன பிரான்ஸ் ரூலோ என்ற பேராசிரியர், தன் நாட்டுப் பொருள்களைப் பற்றித் தானே எழுதிய தீர்ப்பு "மலிவு, மட்டம்" என்பது. ஷெபீல்ட் நகரத்துக் கத்திகளைப் போலவே போலிகள் செய்து இங்கிலாந்துச் சந்தையில் தள்ளியவர்களும் அக்கால ஜெர்மன்காரர்கள்தாம். அதைத் தடுக்கத்தான் 1887இல் பிரித்தானியா சட்டம் போட்டது: உள்நாட்டுப் பொருள் போலத் தோன்றும் அயல்நாட்டுச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டைக் குறிக்க வேண்டும். "மேட் இன் ஜெர்மனி" என்ற முத்திரை, வாங்குகிறவரை எச்சரிக்கப் பிறந்த முத்திரை. அந்தக் காலத்தில்தான் ரெம்ஷைட் நகரில் ஹாசெட் 1868இலும், வுப்பர்டால் நகரில் நிபெக்ஸ் 1882இலும் என இரண்டு கருவி நிறுவனங்கள் தொடங்கின. இன்று குறடு என்றால் நிபெக்ஸ் என்கிறோம். ஜப்பானின் கதையும் இதே வழிதான். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜப்பான் பொருள் என்றால் உலகம் மூக்கைச் சுளித்தது. கியோட்டோவில் கே.டி.சி. என்ற கருவி நிறுவனம் அந்தக் காலத்தில்தான், 1950இல், தொடங்கியது.

அதற்குப் பிறகு தொழிற்சாலைகள் நாடுவிட்டு நாடு போய்விட்டன. ஸ்டான்லி 1843இல் அமெரிக்காவின் நியூ பிரிட்டன் நகரில் தொடங்கிய கருவி நிறுவனம். 2010இல் பிளாக் அண்ட் டெக்கருடன் இணைந்தது. இன்று அந்த மஞ்சள் கறுப்புச் சாமான் பல நாடுகளில் செய்யப்படுகிறது. ஒரே அட்டைப்பெட்டிக்குள் இரண்டு நாடுகளின் பெயர்களைக் கண்டாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதே நிறுவனம் கிராப்ட்ஸ்மன் என்ற பழைய அமெரிக்கப் பெயரை 2017இல் வாங்கி, டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வொர்த் நகரில் இயந்திரக் கைகள் நிறைந்த புதுத் தொழிற்சாலை கட்டியது. 2023இல் அதை மூடுவதாக அறிவித்துவிட்டது. மறுபக்கம் ஹாங்சோ நகரத்து கிரேட்ஸ்டார் என்ற சீன நிறுவனம் ஆரோ, எஸ்.கே. என்ற அமெரிக்கப் பெயர்களை விலைக்கு வாங்கியிருக்கிறது. பெயர் ஓர் ஊரில், முதலாளி இன்னோர் ஊரில், உலைக்களம் வேறோர் ஊரில்.

நம் கடைகளுக்கு வரும் கருவிகளில் பெரும்பாலானவை சில இடங்களில்தான் பிறக்கின்றன. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் யொங்காங் என்ற நகரம் இரும்புச் சாமானுக்கே பேர்போனது. தாய்வானில் தாய்ச்சுங் சுற்றுவட்டாரம். மேலைநாட்டுப் பெயர்களோடு வரும் நல்ல சொக்கட் (நட்டின் மேல் கவிழ்த்து மாட்டும் குழல்), ரட்செட் (கழற்றி மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் பிடி) பல அங்கே செய்யப்பட்டவை. இந்தியாவில் ஜலந்தர், லூதியானா. நம் எலெக்ட்ரீஷியன்கள் பையில் வைத்திருக்கும் தபாரியா குறடு, 1969இல் ஒரு சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கைக்கருவிகள் செய்யத் தொடங்கிய இந்திய நிறுவனத்துடையது.

இந்த ஊர்களில் ஒரே தொழிற்சாலை காலையில் முதல்தரச் சரக்கையும் மாலையில் குப்பையையும் செய்ய முடியும். எந்த உருக்கு, எத்தனை நிமிட உலை, எத்தனைக்கு ஒன்றைச் சோதிப்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் கொள்வனவுக் கட்டளை கொடுப்பவர். கொழும்பு இறக்குமதியாளர் "ஆக மலிவானதைக் கொடு" என்றால் ஆக மலிவானதுதான் கொள்கலனில் ஏறும். ஆகவே சீனச் சாமான் கெட்டது என்று மொத்தமாகச் சொல்வது எனக்கு ஒப்பாது. கருவிகளின் மேல்தட்டு முன்னைவிட உயர்ந்திருக்கிறது. நுண்பற்கள் கொண்ட இன்றைய ரட்செட் என் குருநாதரின் கைக்கு எட்டாத பொருள். கீழ்த்தட்டோ பாதாளத்துக்குப் போய்விட்டது. முன்பு அவ்வளவு மட்டமானதைச் செய்து கப்பலேற்றிக் கட்டுப்படியாகாது, இப்போது கட்டுப்படியாகிறது.

"குரோம் வனேடியம்" என்று அடித்திருக்கிறதே, போதாதா என்று கேட்கிறார்கள். உருக்கில் சிறிதளவு குரோமியமும் அதைவிடக் குறைவாக வனேடியமும் சேர்த்தால் நல்ல கலப்புருக்கு கிடைக்கும், உண்மைதான். ஆனால் எழுத்தை யாரும் அடிக்கலாம். கலப்பு சரியாக இருந்தாலும், காய்ச்சித் தோய்த்து, பிறகு அளவாகச் சூடுகாட்டி இளக்காவிட்டால் அது வெறும் இரும்புக்குச் சமம். அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுக்கும் கொல்லரிடம் கேளுங்கள். இரண்டு வரியில் சொல்லிவிடுவார். ஸ்பனரின் வாய், உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 40ஐ ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். வெட்டும் குறட்டின் அலகு 60ஐ ஒட்டி இருக்க வேண்டும். கடினம் குறைந்தால் வாய் விரியும்; கூடினால் வெடித்துத் தெறிக்கும்.

என் மேசையில் இப்போது இரண்டு 14 மில்லிமீற்றர் ஸ்பனர்கள் கிடக்கின்றன. ஒன்று பழைய ஜப்பானியது, பளபளப்பு மங்கியிருக்கிறது. மற்றது புதிது, கண்ணாடிபோல மின்னுகிறது. புதிய போல்ட் ஒன்றில் இரண்டையும் மாட்டிப் பார்க்கிறேன். பழையது சொருகும்போதே கை உணர்கிறது. ஆட்டினால் இம்மியளவு அசைகிறது. புதியது கடகடவென்று ஆடுகிறது. வாயின் உட்புறத்தை விரல் நகத்தால் தடவினால் முலாம் ஒரு மூலையில் திரண்டு நிற்பது தெரிகிறது. தண்டின் ஓரத்தில் தேய்த்து எடுக்காத தடித்த கோடு. கூரிய அரத்தின் முனையால் இரண்டிலும் மெல்ல ஒரு இழு: புதியதில் முலாம் உரிந்து, அரம் கீழே உள்ள உலோகத்தை வெண்ணெய்போல வழித்துக்கொண்டு போகிறது. பழையதில் அரம் தயங்கித் தயங்கி நகர்கிறது. கடையில் அரத்தோடு போய் நிற்க முடியாதுதான். ஆனால் ஒரு புதிய போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். அதை மாட்டி ஆட்டிப் பார்ப்பதற்கு எந்தக் கடைக்காரரும் மறுப்புச் சொல்வதில்லை.

தரமான கருவியே பிழையான இடத்தில் கெடுதல் செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் படகு இயந்திரங்கள் பெரும்பாலும் ஜப்பானியத் தயாரிப்புகள். எட்டு மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஜெர்மன் முறையில் 13 ஸ்பனர். ஜப்பான் முறையில் தலை சிறியது, 12 ஸ்பனர். பத்து மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஜெர்மன் முறையில் 17 அல்லது 16, ஜப்பான் முறையில் 14. அதனால்தான் ஜப்பானிய ஸ்பனர்கள் 10-12, 12-14 என்று சோடியாக வருகின்றன. 12 கிடைக்கவில்லை என்று 13ஐ மாட்டுகிறவர் போல்ட்டுக்குச் சமாதி கட்டுகிறார். இன்னொன்று, காபரேட்டரில் உள்ள நட்சத்திரத் திருகாணி. தலையில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி இருந்தால் அது ஜப்பானியத் தர அளவு. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் அடிவரை இறங்காது. அழுத்திச் சுழற்றினால் வழுக்கி மேலே ஏறி, திருகாணியின் தலையைத் தின்றுவிடும். ஜப்பானிய முனை உள்ள ஒரு திருப்புளி வாங்கி வைத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

இதுவரை சொன்னது பணநட்டம். இனி உடல்நட்டம். சுத்தியலிலும் இரும்பு உளியிலும் ஒருபோதும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அளவுக்கு மீறிக் கடினமாக்கிய சுத்தியல் முகம் தெறிக்கும்போது துண்டு நேராகக் கண்ணுக்குப் போகிறது. உளியின் தலை காளான்போல விரிந்திருந்தால் அந்த ஓரங்களும் அப்படியே பறக்கும். அரைத்துச் சீராக்கிய பிறகே அடிக்க வேண்டும். சுத்தியலால் சுத்தியலை அடிக்கவே கூடாது.

மின்வேலைக் குறட்டில் ஏமாற்று இன்னும் மோசம். பிடியில் தடித்த இறப்பர் உறை இருப்பதாலேயே அது மின்காப்புக் கருவி ஆகிவிடாது. ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரத்தின்படி செய்ததில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பதிந்திருக்கும். ஒவ்வொரு கருவியையும் 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகே தொழிற்சாலை வெளியே அனுப்ப வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும். 1000 என்ற எண்ணை மட்டும் அச்சடித்து, தர எண்ணோ தயாரிப்பாளர் பெயரோ இல்லாமல் வரும் குறடுகளைச் சாதாரணக் குறடாக மட்டும் பாவியுங்கள். மின்சாரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டபோது கடைகளில் நடுத்தரச் சரக்கு மறைந்துவிட்டது என்பது என் அனுபவம். மேலே எட்டாத விலை, கீழே தொடக்கூடாத தரம். அந்த இடைவெளியில் பலருக்குக் கைகொடுத்தவை ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கருவிகள். வாயும் ரட்செட்டும் சரியாக இருந்தால், அதே விலைக்குக் கிடைக்கும் புதுப்பெட்டியைவிட இவற்றை நான் விரும்புவேன். வெளியே கறள் இருந்தால் கவலையில்லை. முலாத்துக்கு அடியில் கொப்பளித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

புதிதாக வேலை பழக வரும் பையன்களுக்கு நூற்றியெட்டுத் துண்டுப் பெட்டி வாங்க நான் விடுவதில்லை. 8 முதல் 17 வரை ஆறுமுனை சொக்கட் தாய்வானில் செய்தது, ஜப்பானிய அளவு ரிங் ஸ்பனர்கள், இந்தியக் குறடு ஒன்று, ஜப்பானிய முனைத் திருப்புளி ஒன்று, நல்ல சுத்தியல் ஒன்று. இறுகிப்போன நட்டுக்குப் பன்னிரண்டு முனையைவிட ஆறுமுனைதான் பிடி கொடுக்கும். கடலில் இருந்து வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்ற வேண்டும். வாடைக் காலத்தில் படகுப் பெட்டிக்குள் விட்டுவைத்தால் எந்த நாட்டு உருக்கும் தாங்காது. வாங்கும்போது பற்றுச்சீட்டில் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதி வாங்குங்கள். போலி என்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்; வெறும் "ஸ்பனர் செட் 1" என்று எழுதிய துண்டை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.