பொறி கலங்கியவனை மறுபடி உள்ளே அனுப்பாதீர்கள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பதினாறு வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பா என்னிடம் கூட்டி வந்தார். "கழுத்துப் பிடிப்புங்க மேடம், ஒரு நாலு நாள் கரண்ட் வெச்சு விடுங்க" என்றார். நான் பிசியோதெரபிஸ்ட். எங்களைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் நோயையும் வைத்தியத்தையும் முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். அது பழகிவிட்டது.

பையன் ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். சனிக்கிழமை ரக்பி செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) பிராக்டீஸ். எதிரே பந்தோடு ஓடி வந்தவனைக் குனியாமல், நின்ற வாக்கிலேயே டாக்கிள் செய்ய, அதாவது பிடித்து வீழ்த்தப் போயிருக்கிறான். அவன் தோள் இவன் தாடையில் இடித்திருக்கிறது. "என்ன தம்பி, பொறி கலங்கிருச்சா?" என்று மூஞ்சியில் தண்ணீர் அடித்து, இரண்டு நிமிடம் உட்கார வைத்து, மறுபடி உள்ளே அனுப்பியிருக்கிறார் பயிற்சி கொடுத்தவர். ஆட்டம் முடியும்வரை ஆடியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா காரில் கீழே அழைத்து வரும்போது வழியில் வாந்தி. அடிவாரம் வந்ததும் இன்னொரு தடவை. இருபது கொண்டை ஊசி வளைவு, யாருக்குத்தான் குமட்டாது என்று எலுமிச்சம்பழம் வாங்கி முகரக் கொடுத்திருக்கிறார்கள்.

"இதுக்கு முன்னாடி அந்த ரோட்டில் வாந்தி எடுத்திருக்கானா?"

"இல்லைங்க. ஆறாவதிலிருந்து அதே ரோட்டிலதான் போய் வர்றான்." சொல்லி முடித்ததும் அவரே பேச்சை நிறுத்திவிட்டார்.

மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர். அப்புறம் ஜூலை. அதற்கப்புறம் மேலே பார்த்தான், டியூப்லைட் கண் கூசியது போல, உடனே தலையைக் குனிந்துகொண்டான். தரையில் டைல்ஸ் கோட்டின்மேல் குதிகாலோடு கட்டைவிரலை ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். நான்காவது அடியில் கை சுவருக்குப் போய்விட்டது. கரண்ட் எதுவும் வைக்கவில்லை. கன்கஷன், அதாவது மூளை அதிர்வு என்று சந்தேகம். நரம்பியல் மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, நேராக அங்கே போங்கள் என்றேன். இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவன் மூன்றாவது. முதல் இரண்டு பேரும் கபடி.

எனக்குக் கோபம் அந்தப் பயிற்சியாளர் மேல் மட்டும் இல்லை. நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ரக்பி பார்க்கிற பெரியவர்கள் மேலும்தான்.

சேலம் அஸ்தம்பட்டியில் என் தம்பி வீட்டு மாடியில் ஒரு கூட்டம் உண்டு. எல்லாரும் மலை மேல் ஹாஸ்டலில் படித்த பழைய சிநேகிதர்கள், ரக்பி என்றால் உயிர். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பாரிஸில் நடந்தபோது இங்கே நள்ளிரவு 12:30. தட்டுவடை செட் பார்சல் வாங்கி வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் நிமிர்ந்தபடி டாக்கிள் செய்து, தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி க்ரீலின் தலையில் இடித்தார். முதலில் மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே. பிறகு வீடியோவை அலசிப் பார்க்கிற 'பங்கர்' அதிகாரி அதைச் சிவப்பாக்கினார், மீதி ஆட்டம் முழுக்க வெளியே. ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கொடுக்கப்பட்ட முதல் சிவப்பு அட்டை அது. பதினான்கு பேரோடு ஆடிய நியூசிலாந்து 12-11 என்று ஒரே புள்ளியில் தோற்றது. இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கொலிசியும் தலை மோதல் ஒன்றுக்காக மஞ்சள் வாங்கினார். அது மஞ்சளாகவே நின்றது. மாடியில் கேட்க வேண்டுமா! "அக்கா, நீங்களே சொல்லுங்க, அவன் வேணும்னா இடிச்சான்? ரெஃப்ரி ஃபைனலையே கெடுத்துட்டான்." இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

வேண்டுமென்று இடித்தானா என்பது கேள்வியே இல்லை, தம்பிகளா. நடுவர் வரிசையாகக் கேட்டுக்கொள்வது நான்கு கேள்விகள். தலையில் பட்டதா? அது விதிமீறலா? ஆபத்து அதிகமா, குறைவா? பந்து வைத்திருந்தவன் கடைசி நொடியில் சட்டென்று குனிந்தது போல, தண்டனையைக் குறைக்க ஏதாவது இருக்கிறதா? கேனுக்கும் கொலிசிக்கும் வேறு வேறு தீர்ப்பு வந்தது மூன்றாவது கேள்வியில். அந்த மதிப்பீடு தவறு என்று வாதாடுங்கள், தப்பில்லை. ஆனால் "சும்மா லேசாத்தானே பட்டுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உங்கள் பிள்ளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அன்றைய நடுவர் வேய்ன் பார்ன்ஸ் அதோடு ஓய்வு பெற்றார். தனக்கும் குடும்பத்துக்கும் வந்த மிரட்டல்களைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். ஒரு விளையாட்டுக்கு இது தேவையா?

இன்னொன்று. சிவப்பு அட்டை பந்து வைத்திருப்பவனைக் காப்பாற்ற மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். ரக்பியில் தலையில் அடிபடுவது பெரும்பாலும் டாக்கிளில்தான், அதிலும் டாக்கிள் செய்கிறவனுக்குத்தான் கூடுதல். என்னிடம் வந்த பையனும் டாக்கிள் செய்தவன்தான். நிமிர்ந்து போனவனும் அவனே, அடி வாங்கினவனும் அவனே. இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல் தொழில்முறை அல்லாத ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிமுனைக்கு மேலே டாக்கிள் செய்யக் கூடாது என்று விதியையே மாற்றிவிட்டார்கள்.

அடுத்த பல்லவி, தேசிய அணியைத் தூக்கி நிறுத்துவது. வேல்ஸ் அணி 2023 அக்டோபரிலிருந்து தொடர்ந்து 18 டெஸ்ட் (ரக்பியில் நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) தோற்றது. நடுவில் 2025 பிப்ரவரியில் கோச் வாரன் காட்லாண்ட் விலகினார். அந்த ஜூலையில் கோபேயில் ஜப்பானை ஜெயித்த பிறகுதான் மூச்சு வந்தது. இதற்கு எங்கள் மாடிக் கூட்டம் கண்டுபிடித்த மருந்து, "அந்தக் காலத்து முரட்டுத்தனம் வேணும்க்கா. அடிபட்டா எந்திரிச்சு ஓடுவானுங்க, இப்ப தொட்டாலே வெளியே போயிடறானுங்க." அந்தக் காலத்து ஆளைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டீவ் தாம்சன், 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர், முன்வரிசை ஆட்டக்காரர். 2020இல், நாற்பத்திரண்டு வயதில், தனக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய் தொடங்கிவிட்டதை வெளியில் சொன்னார். அந்த உலகக் கோப்பையை ஜெயித்ததே நினைவில் இல்லை என்றார்.

நம் ஊரிலும் ஆட்டம் வளர்கிறது, சந்தோஷம்தான். 2019இல் நம் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்று பதினைந்து பேர் ஆட்டத்தில் முதல் டெஸ்ட் வெற்றியைப் பார்த்தது. 2025இல் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் வாங்கியது. அதைப் பார்த்துத்தான் இந்தப் பையனும் பந்தைக் கையில் எடுத்தானாம். நாளைய அணி என்று எதைச் சொல்கிறோமோ அது இப்போது ஹாஸ்டலில் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

சரி, எனக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றுகிற இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன். முதலாவது, "மயக்கம் போடலையே." மூளை அதிர்வு வந்தவர்களில் நினைவு தப்புகிறவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள், ஓடுவார்கள், கோல் கம்பத்துக்கு உதைப்பார்கள். கண்ணில் பூச்சி பறக்கும், தலை கிர்ரென்று இருக்கும், பேச்சு மந்தமாகும், காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். சிலருக்கு இதுவும் மறுநாள்தான் தெரியும்.

இரண்டாவது, "ஸ்கேன் நார்மல்." அந்த அப்பா மறுநாள் போனில் சந்தோஷமாகச் சொன்னதும் இதைத்தான். ஸ்கேன் பார்ப்பது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். அவை இல்லை என்பது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது ஸ்விட்ச் போர்டைப் போட்டோ எடுத்தால் என்ன தெரியும்? போர்டு நன்றாகத்தான் இருக்கும், ஒயரும் இருக்கும். ஃபேன் மட்டும் முக்கி முக்கிச் சுற்றும். மூளை அதிர்வு அந்த மாதிரி. படத்தில் வராது. நடையில், பேச்சில், கண்ணில், ஞாபகத்தில்தான் வரும். ஆகவே ஸ்கேன் நார்மல் என்பது ஆடுவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் "அதான் நார்மல்னு வந்துருச்சேங்க" என்றுதான் முடிக்கிறார்கள்.

தலையில் அடிபட்டு சந்தேகம் வந்தால் வெளியே எடுங்கள். அன்றைக்கு மறுபடி உள்ளே விடாதீர்கள். டிவியில் 12 நிமிடம் சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்களே என்று கேட்காதீர்கள், அது மருத்துவக் குழுவோடு நடக்கிற தொழில்முறை ஆட்டம், உங்களிடம் இருப்பது ஐஸ் பாக்ஸ். ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிரே போகலாம். 2011இல் வட அயர்லாந்தில் பதினான்கு வயதுப் பள்ளிப் பையன் ஒருவன் அப்படித்தான் போனான்.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், காதிலோ மூக்கிலோ நீர் போல ஒழுகுதல், இதில் எது வந்தாலும் 108. மலையில் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை போட்டு அனுப்பாதீர்கள். பைக் ஓட்ட விடாதீர்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு, செல்போனையும் குறையுங்கள். மெதுவாக நடக்கலாம், இருட்டறையில் அடைத்து வைக்க வேண்டாம். முதலில் வகுப்புக்குத் திரும்பட்டும். மைதானம் அப்புறம். பள்ளி, கிளப் அளவில் போட்டிக்குத் திரும்ப 21 நாளாவது ஆகும், அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. ஆன்லைனில் ஸ்க்ரம் கேப் (ரக்பி ஆடுகிறவர்கள் போடும் மெத்தைத் தொப்பி) வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு அம்மா பெருமையாகச் சொன்னார். காது கிழியாது, அவ்வளவுதான்.

பி.இ.டி. மாஸ்டர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். விசிலோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது எந்த மைதானம்? இப்போது எந்தப் பாதி? கடைசியாக யார் புள்ளி எடுத்தது? போன ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தோமா? ஒன்றுக்குத் தடுமாறினாலும் வெளியே. ஐந்துக்கும் சரியாகச் சொல்லி, முகம் சரியில்லை என்றாலும் வெளியே. "இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்பான். அதை நீங்கள் கேட்கவே இல்லை.