ஆலைக்கு இடம் பார்க்கும் முன் வடிகாலைப் பாருங்கள்

டெல்டாவில் ஆலை கட்ட நிலம் தேடுபவர்கள் முதலில் விசாரிப்பது ரோடு பக்கமா, கரண்டு இருக்கிறதா, ஏக்கர் என்ன விலை என்பதைத்தான். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேட்பவர்கள் குறைவு. காவிரிப் படுகையில் அதுதான் முதல் கேள்வி.

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதாவது, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூடக் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் சம்பா வயலில் தேங்குவதெல்லாம் இந்தக் கொஞ்சச் சரிவை நம்பித்தான் வடிய வேண்டும். நடுவில் ஒருவர் இரண்டு ஏக்கரை மண்ணடித்து மேடாக்கி வடிகாலை மறித்தால் மேலண்டை வயல்களில் பயிர் அழுகும். கழிவைத் திறந்துவிட்டாலோ கீழண்டைக்குக் கேடு. இங்கே ஓர் ஊரின் வடிகால் பல இடங்களில் அடுத்த ஊரின் பாசன வாய்க்கால்.

மண்டல நிலப் பயன்பாட்டுத் திட்டம் போடுபவர்கள் நிலத்தின் உயரம், மண், நிலத்தடி நீரின் உப்பு, வெள்ளம் தேங்கும் இடம், சாலை, ரயில் என்று தனித்தனி வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது ஒரு வழி. சிக்கலே அங்கேதான். சாலைக்குப் பத்துக்குப் பத்து வாங்கிய இடம், வடிகாலில் பூஜ்யம் வாங்கினாலும் மொத்தத்தில் தேறிவிடும். அதனால் வடிகால் பாதையையும் வெள்ளம் தேங்கும் பள்ளத்தையும் கூட்டலில் சேர்க்கவே கூடாது. முதலிலேயே கழித்துவிட்டு, மிச்ச நிலத்துக்கு மட்டும் மதிப்பெண் போட வேண்டும். சரி, அப்புறம் என்ன மிஞ்சும்? தஞ்சாவூரை அடுத்த வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகளைப் போன்ற நிலங்கள் மிஞ்சும்.

விவசாயம் சார்ந்த தொழில்தானே, எங்கே வைத்தால் என்ன என்பதும் தவறு. புழுங்கல் அரிசி ஆலையில் நெல் ஊறிய தண்ணீர் பழுப்பேறி, புளித்த வாடையோடு வெளியே வரும். சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விட்டால், அதிலுள்ள மாவுப்பொருளைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரின் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். மீன்கள் செத்து மிதக்கும்.

2020-இல் டெல்டாவுக்கென வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் போன்றவற்றைத் தடுக்கிறது. அவசியமான சட்டம். ஆனால், வரக்கூடியவை எங்கே அமைய வேண்டும் என்பதற்குத் தனி வரைபடம் வேண்டும். அதையும் மாவட்டம் மாவட்டமாகப் போட்டால் போதாது. தஞ்சை, திருவாரூர் வயல்களின் தண்ணீரில் ஒரு பகுதி நாகை மாவட்டத்தைத் தாண்டித்தான் கடலைச் சேர்கிறது.