அசுலேஹோவில் நீலம் இல்லை

ஸ்பெயின் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரை எதை எடுத்தாலும் 'நீல ஓடு பதித்த சுவர்கள்' வந்துவிடுகின்றன. செவில் நகரத்து அரண்மனையா, நீல ஓடு. கிரனாடா நகரத்து அல்ஹம்ப்ரா அரண்மனையா, அங்கும் நீல ஓடு. பக்கத்தில் போட்ட படத்தில் பச்சையும் தேன்மஞ்சளும் கறுப்பும் கண்ணைப் பறிக்கும். படத்துக்குக் கீழேயோ 'புகழ்பெற்ற நீல ஓடுகள்' என்றிருக்கும். எழுதியவர் தன் படத்தையாவது ஒருமுறை பார்த்திருக்கலாம்.

இவர்கள் 'நீல ஓடு' என்று மொழிபெயர்க்கும் ஸ்பானியச் சொல் அசுலேஹோ: மேலே பூச்சு ஏற்றிச் சுட்டுச் சுவரில் பதிக்கும் ஓடு. ஸ்பானிய மொழியில் 'அசுல்' என்றால் நீலம். இரண்டும் ஒலியில் ஒட்டி நிற்பதால் வந்த வினை இது. அசுலேஹோ வந்தது 'அஸ்-ஸுலைஜ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து. மெருகிட்ட சிறு கல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மொராக்கோவில் இன்றும் இதே வகை வேலைக்கு 'ஸெல்லீஜ்' என்றுதான் பெயர். முன்னால் ஒட்டியிருக்கும் 'அஸ்' அரபு மொழியின் சுட்டு, ஆங்கிலத்தின் 'the' போன்றது. எண்ணெய்க்கு 'அசேய்தே', குங்குமப்பூவுக்கு 'அசஃப்ரான்', சர்க்கரைக்கு 'அசூகார்' என்று ஸ்பானியர் சொல்வதிலும் அந்தச் சுட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. (அசூகாரும் நம் சர்க்கரையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.) நீலத்தைக் குறிக்கும் 'அசுல்' பாரசீகத்தில் நீலக்கல்லைக் குறித்த 'லாஜ்வர்த்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் பிறப்பில் உறவே கிடையாது.

'வேர் எதுவானால் என்ன, பார்க்க நீலமாகத்தானே இருக்கிறது' என்பார்கள். எங்கே இருக்கிறது? அல்ஹம்ப்ராவின் கோமாரஸ் மண்டபத்தில் சுவரின் கீழ்ப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டு வேலை. ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியாக மண்பலகை சுட்டு, அதைக் கொத்தி நட்சத்திரமும் பட்டையுமாகச் சில்லுகளாக்கி, இடைவெளி தெரியாமல் இழைத்திருக்கிறார்கள். வெள்ளை, பச்சை, தேன்மஞ்சள், கறுப்பு, நீலம் எல்லாம் அதில் உண்டு. நீலம் அவற்றுள் ஒன்று, அவ்வளவுதான். செவிலில் உள்ள பிலாத்து மாளிகையில் 1530களில் பதித்த ஓடுகளில் சுமார் 150 வகைக் கோலங்கள் இருக்கின்றன. அச்சில் அழுத்தி மேடு எழுப்பி, ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு நிறத்தை நிரப்பிச் சுட்டவை அவை. ஒரு நிறம் இன்னொன்றில் வழியாமல் அந்த மேடு தடுத்துவிடும். ஒரு நிறத்தைப் பக்கத்து நிறத்திலிருந்து காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டவர்களின் வேலைக்கு ஒற்றை நிறத்தின் பெயரைச் சூட்டுகிறோம்.

மெக்ஸிகோ நகரத்தின் 'காசா தே லோஸ் அசுலேஹோஸ்' மாளிகையைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. அதன் முகப்பு முழுக்க, மெக்ஸிகோவின் புவேப்லா நகரத்து ஓடு. நீலமும் வெள்ளையும்தான் அதில் மேலோங்கி நிற்கும். உண்மைதான். ஆனால் பெயர் சொல்வது ஓடுகளின் வீடு என்பதை மட்டுமே. 'நீல ஓட்டு மாளிகை' என்றால் அந்தச் சுவருக்குப் பொருந்தும், அந்தப் பெயருக்குப் பொருந்தாது. ஸ்பானியர் பச்சை ஓட்டை 'அசுலேஹோ வேர்தே' என்பார்கள். அதைப் 'பச்சை நீல ஓடு' என்று எழுதுவதா? நீல நிற ஓடே வந்தால் 'நீல நீல ஓடு' என்பதா? சொந்த மொழியிலேயே இப்படி இடறும் சொல்லை எப்படித்தான் கூச்சமில்லாமல் எழுதுகிறார்களோ.

இந்த மயக்கத்துக்குப் போர்ச்சுகலும் ஒரு காரணம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீனப் பீங்கானையும் டச்சு ஓட்டையும் பார்த்து அங்கே நீல-வெள்ளை மோகம் பரவியது. போர்ட்டோ நகரத்துச் சாவ் பெந்து ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 20,000 ஓடுகளில் தீட்டிய படங்கள்தான் சுற்றுலாக் கையேடுகளின் அட்டையை நிரப்புகின்றன. அந்தப் படத்தைப் பார்த்த கண்ணோடு செவிலைப் பற்றி எழுதினால் நீலம் ஒட்டாமல் என்ன செய்யும்?

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? 'பீங்கான் ஓடு' என்கிறார்கள் சிலர். பீங்கான் வேறு மண், வேறு சூளை. இது சாதாரணக் களிமண்ணைச் சுட்டு, மேலே கண்ணாடிபோன்ற பூச்சு ஏற்றியது. 'பளிங்கு ஓடு' என்பது அதைவிடப் பிழை. பளிங்கு வெட்டியெடுக்கும் கல். 'வண்ண ஓடு' பரவாயில்லை, ஆனால் சுண்ணாம்பு அடித்த கூரை ஓட்டையும் அப்படிச் சொல்லலாமே. 'டைல்ஸ்' என்று விட்டுவிடலாம் என்றால், 'ஒரு டைல்ஸ்' என்று பன்மையையே ஒருமையாக்கிப் பேசும் நம் பழக்கத்தில் குளியலறைத் தரைதான் நினைவுக்கு வரும்.

நான் 'மெருகு ஓடு' என்பேன். ஓடு என்பது சுட்ட மண்ணுக்கு நம்மிடம் உள்ள பழஞ்சொல், பானை ஓடும் அதுதான், கூரை ஓடும் அதுதான். மெருகு என்றால் ஊறுகாய் ஜாடியின் மேல் உள்ள வழவழப்பு போன்றது என்று யாருக்கும் புரியும். அரபு மூலத்தின் பொருளும் கைகூடுகிறது. 'மெருகோடு' என்று சேர்த்து எழுதும் தனித்தமிழ் அன்பர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: பிரித்தே எழுதுங்கள். சேர்த்தால் 'மெருகுடன்' என்று படித்துவிடுவார்கள். அல்ஹம்ப்ராவில் உள்ளதுபோல் வெட்டி இழைத்தது என்றால் 'மெருகுச் சில்லு' இன்னும் கச்சிதம்.

இந்த ஒரு சொல்லோடு பிரச்சினை முடிந்தால் பரவாயில்லை. அல்ஹம்ப்ரா என்றால் 'செந்நிறத்தது' என்று படித்துவிட்டுச் 'செங்கோட்டை' என்று எழுதுகிறார்கள். வாசகர் நேரே டெல்லிக்குப் போய்விடுகிறார். செவில் அரண்மனையின் பெயரான 'அல்காசர்' என்பதே அரபியில் அரண்மனை, கோட்டை என்ற பொருள் தருவது. அதன் பின்னால் இன்னொரு 'கோட்டை'யை ஒட்டுகிறார்கள். ஸ்பானியக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவர் ஆங்கிலக் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவதால் வரும் கோளாறு இது. 'அசுலேஜோ' என்ற உச்சரிப்பும் அந்த வழியில் வந்ததே. ஸ்பானிய 'ஜே' எழுத்து தொண்டையிலிருந்து வரும் ஹகரம். செவில்காரர் 'அசுலேஹோ' என்றுதான் சொல்வார். முதல் இடத்தில் 'அசுலேஹோ எனப்படும் மெருகு ஓடு' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து மெருகு ஓடு என்றே எழுதலாம். நிறத்தைச் சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.