எல்லாம் நிற்பாட்டின பிறகும் ஓடுகிற மீற்றர்

"தம்பி, நாங்கள் ஒண்டும் கூடப் பாவிக்கேல்லை. அதே ரெண்டு ஃபான், அதே ஃபிரிட்ஜ். பில் மட்டும் ஏறிக்கொண்டு போகுது."

கிளிநொச்சிப் பக்கம் வீட்டு வயரிங் வேலைக்குப் போகத் தொடங்கிப் பதினான்கு வருஷம். 2022க்குப் பிறகு இந்தக் கதையைக் கேட்காத கிழமை எனக்கு இல்லை. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. ஆறு மாதம் கழித்து, 2023 பெப்ரவரியில், அதற்கு மேல் 66 வீதம். பிறகு சில தடவை குறைத்தார்கள், 2025 ஜூனில் திரும்பவும் 15 வீதம் கூட்டினார்கள். கூலி வேலைக்கும் வயலுக்கும் போகிற வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒரு வீட்டில் நான் பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும். வட்டக்கச்சிப் பக்கம், ஒரு அம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். நான் போனது பின்னேரம் ஆறரை மணிக்கு. வீடு முழுக்க இருட்டு. விறாந்தையில் மட்டும் ஒரு சின்ன பல்ப். அதற்குக் கீழே பாயைப் போட்டுப் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தது. "பில்லுக்குப் பயத்திலதான் தம்பி, லைட்டெல்லாம் நிப்பாட்டி வைச்சிருக்கிறன்" என்றார் அம்மா. அந்த மாத பில்லில் 148 யூனிற்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒன்பது வாற்ஸ் எல்ஈடி பல்ப் ஒன்று தினம் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு ஒன்றரை யூனிற்கூட வராது. 148 யூனிற் போகிற வீட்டில் அதை நிற்பாட்டி என்ன மிச்சம்?

எல்லாப் பிளக்கையும் கழற்றச் சொன்னேன். ஃபிரிட்ஜ், ரீவி, போன் சார்ஜர், எல்லாம். ஃபான், லைட் சுவிட்சுகளையும் நிற்பாட்டியாயிற்று. மெயின் சுவிட்ச் மட்டும் போட்டபடி. பிறகு போய் மீற்றருக்கு முன்னால் நின்றோம். இப்போது இருக்கிற மீற்றர்களில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் மினுங்கும். வீட்டில் ஒன்றுமே ஓடாவிட்டால் அது மினுங்கக்கூடாது. அன்றைக்கு மினுங்கியது. போனில் செக்கன் பார்த்தேன். முப்பது செக்கனுக்கு ஒரு தடவை, தவறாமல்.

மீற்றர் முகப்பில் 1600 என்றோ 3200 என்றோ ஒரு எண் அச்சடித்திருக்கும். ஒரு யூனிற்றுக்கு வெளிச்சம் அத்தனை தரம் மினுங்கும் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த வீட்டில் 1600. முப்பது செக்கனுக்கு ஒன்றென்றால் மணிக்கு 120 மினுக்கம், அதாவது 75 வாற்ஸ். ஒரு ஃபான் இரவும் பகலும் நிற்காமல் ஓடுகிற கணக்கு. மாதத்துக்கு 54 யூனிற். (பழைய சக்கர மீற்றர் என்றால் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும்.)

பெட்டியில் உள்ள சின்ன பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். மூன்றாவதை இறக்கினதும் மினுக்கம் நின்றது. அது கிணற்று மோட்டருக்குப் போகிற லைன். மோட்டர் சுவிட்ச் கிணற்றடியில் இருந்தது. வீட்டிலிருந்து அதுவரை நாற்பது அடி வயரைக் குழாய் ஒன்றும் போடாமல் வெறும் மண்ணுக்குள் புதைத்திருந்தார்கள். மோட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். கிளறிப் பார்த்தால், கிணற்றுக்குக் கிட்ட வாழைக்குப் பாத்தி கட்டின இடத்தில் மண்வெட்டி பட்டு வயரின் மேல்தோல் கிழிந்திருந்தது. ஈர மண். மாதக்கணக்காகக் கரண்ட் நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இவ்வளவு ஒழுகினால் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்க வேண்டுமே? கரண்ட் நிலத்துக்கு ஒழுகினால் தானே விழுந்து லைனை நிற்பாட்டுகிறதுதான் ட்ரிப் சுவிட்ச். வீட்டில் இருப்பது 30 மில்லி அம்பியருக்கு விழுவதற்கென்று செய்தது. இங்கே அதைப்போலப் பத்து மடங்கு ஒழுகுகிறது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ட்ரிப் சுவிட்சைச் சுற்றி நேராக ஒரு வயரை இழுத்து விட்டிருந்தார்கள். மழை பெய்யும்போதெல்லாம் விழுகிறதென்று யாரையோ கூப்பிட்டிருக்கிறார் அந்த அம்மா. வந்தவர் பழுதைத் தேடாமல் ட்ரிப்பைச் செத்ததாக்கி விட்டுக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் தினமும் வெறுங்காலோடு நின்று குளிக்கிற கிணற்றடி அது. பில் கூடினது ஒரு பக்கம் கிடக்கட்டும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ட்ரிப் அடிக்கடி விழுந்தால் அது உங்களுக்கு ஏதோ சொல்கிறது. அதை 'நேர்' பண்ணித் தரச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், அப்படிச் செய்து தருகிறேன் என்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ட்ரிப் சுவிட்சில் 'T' (டி) என்று எழுதின ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதத்தில் ஒரு நாள் அதை அமத்துங்கள். விழுந்தால் சரி. விழாவிட்டால் அன்றைக்கே ஒரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

வயரைக் குழாய்க்குள் போட்டு, ட்ரிப்பை மாற்றின பிறகு அந்த வீட்டில் 94 யூனிற்றுக்கு வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு இன்னும் நாலு யூனிற் இடித்துக்கொண்டிருந்தது. ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 30, 60, 90, 120, 180 என்று படிகள். ஒவ்வொரு படி தாண்டும்போதும் யூனிற்றின் விலை கூடுவதோடு மாதாந்த நிலையான கட்டணமும் தாவும். 2025 ஜூன் கட்டணப்படி 61 முதல் 90 வரை பாவிக்கிறவருக்கு நிலையான கட்டணம் 400 ரூபாவாக இருந்தது. 91 ஆனதும் 1000. ஒரேயொரு யூனிற்றுக்காக 600 ரூபாவுக்கு மேல்! 60இல் பில்லே இரண்டு மடங்கானது. 60 யூனிற் பாவித்தவருக்கு 585 ரூபா வந்த இடத்தில் 61 பாவித்தவருக்கு 1180 தாண்டியது. ஏனென்றால் 60ஐத் தாண்டினதும் முதலாம் யூனிற்றிலிருந்தே வேறு விலை. கட்டணம் இனியும் மாறலாம், ஆகவே உங்கள் பில்லில் இருக்கிற விலையைப் பாருங்கள். ஆனால் படி எங்கே இருக்கிறது, நீங்கள் அதற்கு எவ்வளவு கிட்ட நிற்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மீற்றர் வாசிக்கிற நாளைக் கலண்டரில் குறித்து, பதினைந்தாம் நாள் நீங்களே ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். மீற்றர் பார்க்கிறவர் இரண்டு மூன்று நாள் பிந்தி வந்தால் படி தாண்டிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். எத்தனை நாளோ அதற்கேற்றபடி படிகளையும் நீட்டித்தான் கணக்குப் போடுவார்கள்.

அடுத்தது தண்ணி மோட்டர். வன்னி வீடுகளில் பில்லைக் கூட்டுவதில் இதற்குப் பெரிய பங்குண்டு, ஆனால் ஒருவரும் இதைச் சந்தேகிப்பதில்லை. ஒரு குதிரைவலு மோட்டர் மணிக்கு முக்கால் யூனிற்றுக்கு மேல் இழுக்கும். ஒரு வீட்டுக்குள் போகும்போது தண்ணித் தாங்கிக்குக் கீழே வாழை கருகருவென்று செழித்து நிற்பதைக் கண்டால் எனக்கு உடனே விளங்கும், தாங்கி நிரம்பி வழிய வழிய மோட்டர் ஓடுகிறது என்று. ஒரு மிதவைச் சுவிட்ச் போட்டால் தீரும். இன்னொன்று, கிணற்றுக்குள் குழாயின் அடியில், ஏறின தண்ணி திரும்ப இறங்காமல் பிடிக்கிற ஃபுட்வால்வ். ஒவ்வொரு நாள் காலையும் வாளியால் தண்ணி விட்டுத்தான் மோட்டர் இழுக்கிறதென்றால் ஃபுட்வால்வ் ஒழுகுகிறது. தண்ணி ஏறாமல் மோட்டர் சும்மா சுற்றுகிற ஒவ்வொரு நிமிஷமும் காசு, மோட்டரும் சூடேறிக் கெடும். லைனின் கடைசியில் இருக்கிற ஊர்களில் பின்னேரம் வோல்ட் இறங்கிவிடும். லைட் மங்குகிற நேரத்தில் மோட்டரைப் போடாதீர்கள். விடியக்காலை போடுங்கள்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் ஒரு சோதனை போதும். நூறு ரூபாத் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது. உடனே ரப்பரை மாற்ற ஓடாதீர்கள். அந்த அம்மா வீட்டில் ரப்பரின் மடிப்புக்குள் மாவும் சீனியும் இறுகிக் கிடந்தது. இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணியால் துடைத்த பிறகு தாள் இறுகப் பிடித்தது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார், அதுவும் மேற்குச் சுவர், பின்னேர வெயில் முழுக்க அதில்தான். இரண்டு பேரும் பிடித்து நகர்த்தினோம்.

பல்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இன்னும் பழைய குண்டு பல்ப் எரிகிற வீடு இருந்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

ஃபான்தான் கடினமான இடம், ஏனென்றால் வெக்கை உண்மையானது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே ஃபான் போட்டால் நெருப்புக் காற்றைத்தான் கீழே தள்ளும். சாதாரண சீலிங் ஃபான் 75 வாற்ஸ், இரவு பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 22 யூனிற். புதுவகை பிஎல்டிசி ஃபான் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் எடுக்கும், ஆனால் விலை கூட. பழையது பழுதாகும்போது அதை வாங்குங்கள், நல்லாக ஓடுகிறதைக் கழற்ற வேண்டாம். அதற்கு முதல் கூரையைப் பாருங்கள். தகரத்துக்கு மேலே கிடுகு வேய்ந்த வீட்டுக்குள் போனால் வித்தியாசம் வாசலிலேயே தெரியும். இரவில் யன்னல் திறக்க நுளம்பு விடுவதில்லை என்றால் யன்னலுக்கு நுளம்பு வலை அடியுங்கள். மீள்குடியேறின காலத்தில் வெட்டவெளியில் எழும்பின வீடுகள் எங்களுக்கு நிறைய. மேற்குப் பக்கம் ஒரு வேம்பு வைத்த வீடுகளில் பத்து வருஷத்தில் நிழல் வந்துவிட்டது. வைக்காதவர்கள் இந்த மாரிக்கு வையுங்கள்.

லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் போனில் கேட்டார், அங்கே சூடாக்குகிற பில் ஏறினபோது எல்லாரும் கதவு யன்னல் இடுக்கெல்லாம் அடைத்தார்களாம், இங்கேயும் அப்படிச் செய்யலாமா என்று. அவர்களுக்குச் சூடு வெளியே போகக்கூடாது. எங்களுக்கு அது வெளியே போகத்தான் வேண்டும். கூரைக்குக் கீழே சூடு வெளியேற வழி விடுங்கள், அடைக்காதீர்கள்.

இரண்டு ஏமாற்று. சந்தையிலும் போனிலும் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள், பிளக்கில் செருகினால் பில் பாதியாகுமாம். ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஒரு கப்பாசிற்றரும் ஒரு பச்சை லைட்டும். வீட்டு மீற்றர் கணக்கெடுக்கிற யூனிற்றில் அது ஒன்றையும் குறைக்காது. இரண்டாவது, இரவு பத்தரைக்குப் பிறகு அயன் பண்ணினால் மலிவு என்ற கதை. நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற திட்டத்துக்கு நீங்களாக விண்ணப்பித்து மாறியிருந்தால் சரி. இல்லாவிட்டால் எந்த நேரமும் ஒரே விலை. நித்திரை முழித்து உடுப்பு அழுத்துகிற தாய்மாரே, தயவுசெய்து படுங்கள். கிழமைக்கு ஒருக்கால் எல்லா உடுப்பையும் சேர்த்து அழுத்தினால் போதும், பெட்டியைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவது மிச்சம்.

எங்கள் சனத்துக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்து வந்தவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் ஒரு அம்மா முதலில் லைட்டை நிற்பாட்டுகிறார். படிக்கிற பிள்ளைக்கு மேலே எரிகிற பல்பை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றதையெல்லாம் மீற்றரிடம் கேளுங்கள்.

போன மாதம் அந்த வீட்டில் 83 யூனிற். விறாந்தையில் இப்போது பெரிய பல்ப். ஐப்பசி மழை தொடங்கினதும் அம்மாவே போன் எடுத்தார். "தம்பி, எல்லாம் நிப்பாட்டிப்போட்டு மீற்றருக்கு முன்னால நிக்கிறன். ரெண்டு நிமிஷமாச்சு, மினுங்கேல்லை. டி பொத்தானையும் அமத்தினனான், விழுந்தது. திரும்பப் போடட்டோ?"

போடுங்கோ அம்மா என்றேன்.